செல்வராஜுக்கு ஒரு தலையசைப்பு

போன ஞாயிறு, கட்கியில் என் மாணவர்களின் நிகழ்ச்சி. சின்ன ஹால்தான். பெற்றோர்களில் பாதிப் பேர் மொபைலில் படமெடுத்தார்கள். மீதிப் பேர் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ட்ரம்பெட்தான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். மும்பை ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தேன். சொந்தமாக மெட்டுகள் போட்டேன். பல் ஆடத் தொடங்கியதும் வாத்தியாராகிவிட்டேன். இவ்வளவு காலமும் என் பக்கத்தில் பியானோ வாசித்தவன், கட்கிக்குப் பக்கத்தில் இருக்கும் தாபோடிக்காரன் செல்வராஜ். அவனைப் பற்றி, நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏன்?

ஜாஸில் ஒரு வழக்கம். மெட்டு முடிந்ததும், ஒவ்வொருவராகத் தம் மனம்போல் வாசிப்பார்கள் – நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி. அடுத்தது யார்? வாயால் சொல்வதில்லை. லீடர் தலையசைப்பார்.

லீடர் நான். செல்வராஜுக்கு ஒருநாளும் தலையசைத்ததில்லை. மறதியா? இல்லை. பயம். ஒத்திகையில் அவன் தனியாக வாசித்ததைக் கேட்டிருக்கிறேனே!

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கனடாவில். பேச ஆளில்லாத வீட்டில் இந்த நினைப்புதான் துணை. மாணவர் நிகழ்ச்சியில் என்னோடு வாசிக்க வரச்சொல்லி செல்வராஜுக்குப் போன் போட்டேன்.

“அரே, என்னை எதுக்குண்ணே இழுக்கிறீங்க? விரலெல்லாம் ஜாம் ஆயிடுச்சு.”

“ஒரே ஒரு பாட்டுடா. நீ இல்லாம சரிப்படாது.”

“இதை இன்னிக்குத்தான் சொல்றீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

வந்தான். மெட்டை வாசித்தேன். ட்ரம்பெட்டை இறக்கினேன். அவனைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவனும் சிரித்துக்கொண்டே தலையசைத்தான். ஆனால்… பக்கவாத்தியத்தையே தொடர்ந்தான். எனக்கென்று இடம் விட்டு, வெறும் துணைச் சுரங்கள் மட்டும். மறுபடி தலையசைத்தேன். இன்னும் மென்மையாக வாசித்தான் – நான் நுழைய வசதியாக.

அந்த வெற்றிடத்துக்குள் யாரோ இருமினார்கள். இன்னும் ஒரு சுற்று பொறுத்திருந்தால் அவன் ஆரம்பித்திருப்பானோ? தெரியாது. நான் பொறுக்கவில்லை. ட்ரம்பெட்டைத் தூக்கி நானே வாசித்தேன். கைதட்டல்… எனக்கு.

வாசலில் ரிக்‌ஷாவுக்காக நின்றோம்.

“நடுவுல மூச்சு வாங்குச்சாண்ணே? நான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். யாருக்கும் தெரியல, சமாளிச்சிட்டோம்” என்றான், என் முதுகைத் தட்டி.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ரிக்‌ஷா வந்துவிட்டது.

வராமலிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.