தள்ளித் தெரிந்த குவளை

லேசான பக்கவாதம் வந்து போனதில் என் மனைவிக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. டாக்டர் கொடுத்த கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகின. ஆனால் அந்த ஒன்று, இருக்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. அவளோ மலேசியாவில், ஈப்போவில் எங்கள் கடையில் தே தாரேக் என்னும் இழுத்த தேநீர் ஆற்றுகிறவள்.

மறுபடி கடை திறந்த காலை, உயரத்திலிருந்து இறங்கிய தேநீர் குவளைக்கு வெளியே விழுந்தது.

"அக்கா, தே எனக்கா, மேசைக்கா லா?" என்றான் லாரி ஓட்டும் மணியம்.

இனி இவளால் முடியாதோ என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து நேராக்கினேன்.

"கைய விடுங்க. நீங்க புடிச்சா உங்க கைதான் கத்துக்கும். என் கை தப்பா ஊத்தித்தான் படிக்கணும்."

விட்டேன். ஊற்றினாள், சிந்தினாள், மறுபடி ஊற்றினாள். வெயில் வாசலுக்கு வருவதற்குள் தேநீர் கை நீளத்துக்குப் பொன் நூலாய் இழுபட்டு, நுரையோடு குவளைக்குள் இறங்கியது. மணியம் குடித்துவிட்டு இன்னொரு தே கேட்டான்.

கடை மூடியதும் கண்ணாடியைக் கழற்றி, இரண்டாகத் தெரியாமலிருக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திறக்கப் போனாள். கை, காலையில் தவறியதற்கு மறுபக்கம் விலகிக் காற்றைப் பிடித்தது.

"கை கண்ணாடிக்குப் பழகிடுச்சு. அது இல்லாட்டி இப்ப தப்புது பாருங்க," என்று சிரித்தாள்.

ஒரே காலையில் உலகத்தையே நகர்த்தி வைத்துக்கொண்ட கை. உதவப் போகாமல், பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.