ஈக்குவல் பட்டன் இல்லாத கால்குலேட்டர்

அந்த இன்ஜினியரின் கால்குலேட்டர் மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்குள் இருக்கிறது. மாடியின் மேல் அல்ல, உள்ளே. தளம் போட்ட அன்று சட்டைப் பையிலிருந்து நழுவிக் கம்பிகளுக்கு நடுவே விழுந்தது. அவர் குனிவதற்குள் இரண்டு சட்டி கலவை அதன் தலையில் கொட்டியாகிவிட்டது. கான்கிரீட் போடும் வேலையை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அவரே ஆட்களுக்குப் போட்ட சட்டம். வாயைத் திறக்காமல் நின்றாராம்.

மச்சினன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது. ஈக்குவல் பட்டனே கிடையாது. ஐந்தையும் மூன்றையும் கூட்ட வேண்டுமென்றால் ஐந்து, என்டர், மூன்று, கடைசியில்தான் பிளஸ். நாம் தமிழில் பேசுவதும் அப்படித்தானே, 'ஐந்தையும் மூன்றையும் கூட்டு' என்று கடைசியில்தானே வேலையைச் சொல்கிறோம்? ஆனாலும் அதை இரவல் வாங்கியவர்கள் எல்லாரும் இரண்டே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். அவருக்கு அதில் பெருமை வேறு. பழகிய பழக்கத்தில் சாதாரணக் கால்குலேட்டரைக் கொடுத்தால் ஐந்து, மூன்று, பிளஸ் என்று அடித்து, ஐம்பத்து மூன்றை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அப்போது வில்லாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிரசவத்துக்குப் போன டீச்சருக்குப் பதிலாக வந்தவள். ஏப்ரலோடு என் சீட்டு கிழியும். அதற்குப் பிறகு பேரையூருக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அங்கே என் சித்தி ஜாதகக் கட்டோடு காத்திருந்தாள். கட்டில் இருந்தவர்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாகவே இருந்திருக்கலாம். எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது.

பள்ளிக்கு அந்த வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓட்ட வேண்டும். யாரும் தொடப் பயந்ததால் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானோ அதை விட்டு எழுந்திருப்பதே இல்லை. மகளின் மார்க்கைக் கேட்க வந்த இன்ஜினியர் நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார்.

"டீச்சர், ஈக்குவல் இல்லாம கணக்குப் போட இதுக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா?"

"முடியும் சார்."

முடியுமா என்று எனக்கே தெரியாது. அவர் அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டார். "கே.கே. நகர்ல என் ஆபீஸ்லயும் ஒண்ணு கிடக்கு. மெட்ராஸ்ல ஒருத்தர்ட்ட வாங்கிப்போட்டது. பொட்டு வச்சு, துணி போட்டு மூடித்தான் வச்சிருக்கேன். அதுல ஓட வச்சிட்டா, ஒண்ணாம்தேதியிலருந்து நீ ஆபீசுக்கு வந்திரு."

மூன்று வாரத்தில் எழுதினேன். கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்குவது மாதிரி எண்களை அடுக்கி வைக்க வேண்டும். கடைசியாக வைத்த இரண்டை எடுத்து, கூட்டியோ கழித்தோ விடையைத் திரும்ப மேலே வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். முதலில் எட்டிலிருந்து மூன்றைக் கழித்தால் மைனஸ் ஐந்து வந்தது. தட்டுகளை நான் தலைகீழாக எடுத்திருந்தேன். அதைத் திருத்தினேன். கோணக் கணக்குக்கு சைன், காஸ் எல்லாம் சேர்த்தேன். அது சரியாக ஓடிய அன்று வகுப்பில் யாரையும் திட்டவில்லை.

பள்ளி மிஷினில் கேசட், ஆபீஸ் மிஷினில் பிளாப்பி. ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஒரே வழி, நாற்பது பக்க நோட்டு. வரிவரியாக எழுதி எடுத்துக்கொண்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கே.கே. நகருக்குப் போய் உட்கார்ந்து திரும்ப அடித்தேன். இரண்டுமே பேசியது பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிதான். ஆனால் திரையில் எழுத்தை இடம் பார்த்து வைக்க அது ஒரு மாதிரி கேட்டது, இது வேறு மாதிரி கேட்டது. எல்லாவற்றையும் மாற்றினேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் பார்த்தேன். சைனைப் பார்க்கவில்லை. அங்கே வந்தது இங்கே வராதா என்ன என்ற திமிர்தான்.

இன்ஜினியர் வந்து உட்கார்ந்தார். ஐந்து, என்டர், மூன்று, பிளஸ். எட்டு. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்த மாடு தானாகத் தொழுவத்துக்கு வந்த மாதிரி இருந்தது. பிறகு முப்பது அடித்து, சைன் என்றார். பூஜ்யம். திரும்பவும் அடித்தார். பூஜ்யம்.

"என்னம்மா இது? சைன் முப்பது அரைன்னு எம்மகளே சொல்லிருவாளே."

ஏப்ரல், பேரையூர், ஜாதகக் கட்டு எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தன. அப்போது அவர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி நோயாளி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"வோல்டேஜ் கம்மியா இருக்கே, அதுனாலயோ?"

"ஆமா சார்," என்றேன்.

"சரி, டீ குடிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள ஏறிரும்."

அவர் படியிறங்கியதும் தேடினேன். டிகிரியை ரேடியனாக மாற்றும் வரியில், வட்டக் கணக்கில் வரும் 'பை'யின் மதிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தேன். பள்ளி மிஷினுக்கு பை என்றால் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று பிறவியிலேயே தெரியும். தெரியாத பெயரைச் சொன்னால் அது சண்டைக்கு வரும். ஆபீஸ் மிஷின் பரம சாது. தெரியாத பெயரைக் கேட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு பேசாமல் வேலையைப் பார்க்கும். பையின் மதிப்பைச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். அவர் திரும்பி வந்தபோது விசிறியும் வேகமாகச் சுற்றியது, சைன் முப்பதும் அரையாக வந்தது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார்.

வேலை கிடைத்தது. அம்மா சித்திக்குக் கடிதம் போட்டாள். முதல் மாதம் நான் காற்றில்தான் நடந்தேன்.

இரண்டாம் மாதம் அவர் ஒரு வோல்ட் மீட்டர் வாங்கிவந்து கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் மாட்டினார். முள் இருநூறுக்குக் கீழே இறங்கினால் சைன், காஸ் போடக் கூடாது என்று உத்தரவு. மதுரையில் சித்திரை, வைகாசி மதியத்தில் அது என்றைக்கு இருநூறில் நின்றது? கூரைச் சரிவு, படிக்கட்டுச் சாய்வு எல்லாவற்றையும் அவர் பழைய லாக் டேபிள் புத்தகத்தைப் புரட்டிக் கையால் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் போட்டார். மகள் வாசலில் வந்து நின்று, "அப்பா, எக்ஸிபிஷனுக்குப் போலாம்னீங்க," என்பாள். "இந்தா முடிஞ்சிரும்," என்பார். முடியாது. பக்கத்து மேஜையில் எனக்குச் சோறு இறங்காது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அப்படியே இரண்டு கோடை போனது.

மூன்றாவது கோடையில் ஒரு நாள் மீட்டர் நூற்று எண்பது காட்டியது. அவர் வழக்கம்போல லாக் டேபிளை எடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டருக்கும் சைனுக்கும் சம்பந்தமே இல்லை, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா சார்?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "குடுத்திருக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்திருந்த பதில்தான் அது. அவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். லாக் டேபிளையும் பாதி போட்ட தாளையும் என் மேஜையில் வைத்தார்.

"இன்னும் பதினேழு கோணம் இருக்கு. கையாலயே போடு."

போட்டேன். அவர் போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நூற்று எண்பது வோல்டில் அதே பதினேழையும் ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொரு விடையையும் எனக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்.