பேச்சி அக்காவின் தொட்டித் தண்ணீர்

அன்று காலை தொட்டியை மூடியிருந்த பனியன் துணி எடுக்கப்படாமல் கிடந்தது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். பூனைக்குப் பயந்து இரவில் தொட்டியை மூடிவைக்கும் பேச்சி அக்கா, வேலைக்குக் கிளம்பும் முன் மறக்காமல் துணியை எடுத்துவிடுவார். மீன் குஞ்சுகளுக்கு வெயில் வேண்டும் என்பார். நான் பல் துலக்கிக்கொண்டே அந்தத் துணியைப் பார்த்து நின்றேன். பக்கத்து அறை அண்ணன் வந்தார்.

"அக்கா போயிட்டாங்க கண்ணு. நெஞ்சு வலிக்குதுன்னு ஆட்டோல கூட்டிட்டுப் போனோம். டாக்டர் வந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கும், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மறுநாள் மிஷின்களை நிறுத்தி நாம் எல்லோரும் எழுந்து நின்றோம். பேச்சியம்மாள் அமைதியானவர், யாரையும் ஒரு சொல் சொல்லாதவர் என்று சூப்பர்வைசர் பேசினார். யாரைச் சொல்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. அமைதியாக இருந்தது நான். பத்தாவதோடு பள்ளியை விட்டு வந்து, அவர் தைத்துத் தள்ளியதை எடுத்து அடுக்கிய கைமடி நான். நாள் முழுவதும் நான் பேசுவதைவிட, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவர் திட்டுவது அதிகம்.

யார் சொன்னாலும் கேட்க மாட்டார். தொட்டியில் ஒரு ஜோடி தங்கமீன் வளர்த்தார். அவை முட்டையிட்டால் ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று தெரிந்ததும், கம்பெனிக் கழிவு நூலைக் கொத்தாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார். வெள்ளை நூல் மூட்டையாகக் கிடந்தது. அவர் எடுத்தது அரக்குச் சிவப்பு. "மீனுக்கும் ஒரு அழகு வேண்டாமாட்டி?" என்றார். விடிந்து பார்த்தால் தண்ணீர் முழுக்கச் சாயம். முட்டைகளைத் தேடிக்கூடப் பார்க்க முடியவில்லை.

"சாயம் போவாத நூலுன்னுதான வெளிநாட்டுக்கு அனுப்புதான்? வாங்குதவன் ஒருத்தன்கூடத் துவைச்சுப் பாக்க மாட்டானா?" என்று கம்பெனியைத் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஈட்டில் குஞ்சுகள் பொரிந்தன. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து கொடுப்பார். ஊசிமுனையளவு குஞ்சுகளுக்கு ஒரு துளி போதும். அவரோ பிழிந்துகொண்டே இருப்பார். மிச்சம் அடியில் அழுகித் தண்ணீர் நாறும். "போதுமுங்க அக்கா" என்று நான் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"நீ பேசுதது எனக்கே கேக்கல, மீனுக்கா கேக்கப்போவுது? சத்தமாச் சொல்லுட்டி."

சத்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. மறுநாள் பாதிக் குஞ்சுகள் மிதந்தன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பெனிக்குப் போனோம். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொல்வார். கொசுவுக்கு என்பார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார். "உனக்கென்னட்டி, நீயா சோறு போடுத?" என்பார்.

அதன்பின் பெரிய மீன்கள் இரண்டையும் பூனை தின்றுவிட்டது. அவை கடைசியாக இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் மட்டும் எப்படியோ பிழைத்து, என் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டி வளர்ந்தன. டெங்குவுக்காகத் தண்ணீர் பார்க்க வரும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "புழு நெளியுது பாருங்க, கொட்டி உட்ருங்க" என்றார்.

"ஏம்மா, புழுவுக்கு இம்புட்டுப் பெரிய முழி இருக்குமா? தங்கமீனும்மா!"

"தங்கமீனுங்கறீங்க, எல்லாம் கருகருன்னு இருக்குதுங்க?"

"நீ மட்டும் பொறந்த அன்னைக்கே சேலை கட்டிக்கிட்டா வந்த? நெறம் ஏற நாளாவும். அவசரப்பட்டா எப்படி?"

அந்த அக்கா சிரித்துவிட்டுச் சுவரில் சாக்பீஸால் கையெழுத்துப் போட்டுப் போனார். யாரிடமும் தோற்காத அந்தப் பேச்சை நான் பக்கத்தில் நின்று பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தாங்க முடியாத கோபம் ஒன்றிருக்கிறது. குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்தால் மூச்சு முட்டுகிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அவரே கடைசி வாரம் முழுவதும் ஷிப்மென்ட் அவசரத்தின் நடுவில் எழுந்து போய் ஜன்னலோரம் நின்று மூச்சு வாங்கினார். இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று நான் சொன்னேன், நீங்களும் சொன்னீர்கள். "கேஸுட்டி. ஒரு சோடா குடிச்சா இறங்கிரும்" என்றார். சோடாவும் குடித்தார். என்ன செய்வது இப்படிப்பட்ட ஆளை?

ஊரில் காரியம் முடிந்து, அறையைக் காலி செய்ய அவருடைய தம்பி வந்திருந்தார். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றபடி, "துக்க ஊட்டுல புடிச்சு வெச்ச தண்ணி நிக்கக்கூடாதுங்க. கொடம், பக்கெட்டு, பொறகால இருக்கற தொட்டி, எல்லாத்தையும் காலி பண்ணீருங்க" என்றார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். குடங்களைக் கவிழ்த்துவிட்டுத் தம்பி தொட்டிப் பக்கம் வந்தார். அது பழைய மாட்டுத் தொட்டி. அடியில் இருக்கும் ஓட்டையை அக்கா துணியால் அடைத்திருந்தார்.

"மீன் இருக்குதுங்க" என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, புடிச்சு ஒரு பக்கெட்டுல உட்டுக்க. இன்னைக்குத்தான் நல்ல தண்ணி வந்துருக்குதல்ல?" என்றார் வீட்டுக்கார அம்மா.

அந்த நல்ல தண்ணீர்தான் ஆகாது. வந்த அன்றைக்கு குளோரின் மருந்து வாடை அடிக்கும். அதில் விட்டால் குஞ்சுகள் பொழுது சாய்வதற்குள் மல்லாந்துவிடும். பாசி படிந்து பச்சையாகிவிட்ட அந்தப் பழைய தண்ணீரில்தான் அவை பிழைத்துக் கிடந்தன.

"அந்தத் தண்ணியேதான் வேணுமுங்க."

"செத்தவிங்க தண்ணிய எங்க கொண்டுபோயி ஊத்துவ? உங்க ஊட்டு டிரம்முலயா? உங்கம்மா வேலைக்குப் போயிருக்கறா, அவளக் கேட்டியா சாமி?"

கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

"அக்காளே போயிட்டா, மீனு எதுக்கும்மா?" என்று சொல்லிக்கொண்டே தம்பி குனிந்து ஓட்டைத் துணியைப் பிடித்தார். அவர் பக்கத்தில் கட்டி வைத்திருந்த மூட்டையில் சேலைகள் இருந்தன. அக்காவின் கத்தரிக்கோல் கம்பெனியில் இருக்கிறது. அவற்றை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பேச்சி அக்காவிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பச்சைத் தண்ணீரும் அதில் ஓடிக்கொண்டிருந்த கறுப்புக் குஞ்சுகளும்தான்.

"அண்ணா, உருவாதீங்க!" என்று கத்தினேன்.

வீட்டுக்கார அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். தம்பி கையை எடுத்தார். நான் ஓடிப்போய், வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீரை அம்மா காலையில்தான் பிடித்து நிரப்பியிருந்த எங்கள் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தேன். அது முழுவதும் சாக்கடையில் ஓடி முடியும்வரை பிடித்திருந்தேன். பிறகு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து தொட்டியின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, முதல் குவளையை அந்தப் பச்சைத் தண்ணீரில் மெதுவாக முக்கினேன்.