கூரைக்குள் கேட்ட மூச்சு

என் நுரையீரலில் சிறு கட்டி தெரிவதாகவும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்றும் மருத்துவர் சொன்னார். கணவர் பயந்துவிடுவார் என்று, "சும்மா சளிதாங்க" என்று மறைத்துவிட்டேன்.

பாலோ என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. ஒருநாள் அந்தி நேரத்தில் தனியாகப் படுத்திருந்தபோது, கரகரவென்று மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. என் நெஞ்சுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினேன். சத்தம் நிற்கவில்லை. என் தலைக்கு மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. சாவுதான் வந்து காத்திருக்கிறது என்று நம்பினேன்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அண்ணாந்து காது கொடுத்தார்.

"அலமாக்! எனக்கும் கேக்குது லா" என்று திகைத்தார்.

ஏணி வைத்துக் கூரைப் பலகையை நகர்த்தினார். டார்ச் வெளிச்சத்தில், தோட்டத்து ஆந்தையின் குஞ்சுகள் வெள்ளை முகத்தோடு எங்களைப் பார்த்து, அதே கரகர மூச்சுச் சத்தத்தில் சீறின.

இறங்கி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆந்தைய விடு. இத்தன நாளா என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அடுத்த ஸ்கேனுக்கு இருவரும் போனோம். கட்டி வளரவில்லை, ஆனாலும் அடுத்த வருடம் மறுபடி பார்க்க வேண்டுமாம். இப்போதெல்லாம் பயம் வந்தால், சமையல் பாதியில் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன்.