பரீதா அக்காவின் மூன்றாவது வரி

நிலாவில் பதிந்த காலடித் தடம் லட்சக்கணக்கான வருடம் அழியாது என்று எனக்குத் தெரியவந்த நாளும், நான் பி.எஸ்ஸி. பாஸ் செய்தது தெரியவந்த நாளும் ஒன்றுதான். 2006, ஜூன் மாதம்.

கடம்பத்தூருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ரிசல்ட் இன்டர்நெட்டில் வரும் என்றார்கள். கம்ப்யூட்டரை நான் கல்லூரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, கோர்ட்டுக்குப் போகும் சாலையில் ‘ஸ்டார் பிரவுசிங் சென்டர்’ என்று எழுதியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கீழே ஜெராக்ஸ் கடை. அதை ஒட்டி மாடிப்படி. படி முழுக்க என்னைப் போன்றவர்கள் வரிசையில் நின்றார்கள். படி தொடங்குகிற இடத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. சாக்பீஸில், அச்சு மாதிரி எழுத்தில், மூன்று வரிகள்:

நிலாவில் காற்று இல்லை. அங்கே பதிந்த காலடி லட்சக்கணக்கான வருடம் அழியாது.

ஹாலிவுட் நடிகை ஒருவர் ஒரே நடிகரை இரண்டு முறை மணந்து, இரண்டு முறை விவாகரத்து செய்தார்.

கூகுள் என்ற பெயர், ஒன்றுக்குப் பின்னால் நூறு சைபர் போட்ட எண்ணின் பெயரிலிருந்து வந்தது.

வரிசை நகர்ந்த வேகத்தில் மூன்றும் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. மேலே போனபோது, பச்சைத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் பதிவு எண்ணைக் கேட்டு அவரே தட்டினார். திரையை என் பக்கம் திருப்பிவிட்டுத் தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் பாஸா பெயிலா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். “எல்லாத்துலயுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அவர்தான் பரீதா அக்கா.

பிறகு வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதற்காக வாரம் இரண்டு முறை அங்கே போகத் தொடங்கினேன். அப்படித்தான் அவரைப் பற்றித் தெரிந்தது. பிறந்தது பழவேற்காடு. அவருடைய அப்பா அப்துல் கனி இறால் வியாபாரி. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் படகு போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். வேலை இல்லாத ஆண்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் மொட்டை மாடியில் ஏறி நிற்பார்களாம். வெளிச்சம் முதலில் போகும், சத்தம் பிறகு வந்து ஜன்னலை ஆட்டும். அந்த இடைவெளியில் வீட்டில் யாருமே பேச மாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்தார். கணவர் நியாஸ் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மனு, பத்திரம், தீர்ப்பு என்று கோர்ட்டுக் காகிதங்கள்தான் அங்கே நாள் முழுக்க ஓடும். டைப்ரைட்டிங் ஹையரும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்த அக்கா, மாடியில் எட்டு கம்ப்யூட்டர் போட்டார். மற்ற சென்டர்களில் பிளைவுட் தடுப்பும் கதவும் இருக்கும். அக்கா முதல் மாதமே கதவுகளைக் கழற்றிவிட்டார். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கினார். கல்லூரிப் பெண்களும், துபாயில் இருக்கும் கணவனோடு பேச வருகிற பெண்களும் அந்த நேரத்தில் பயமில்லாமல் வந்தார்கள். நடத்துபவர் பெண் என்பதால் வந்தார்கள்.

கரும்பலகை முதலில் ‘கரண்ட் இல்லை’ என்று எழுதுவதற்காக வாங்கியது. கரண்ட் இருக்கிற நாளில் காலியாகக் கிடக்கிறதே என்று ஒரு நாள் ஏதோ எழுதினாராம். அதிலிருந்து தினமும் மூன்று வரி. ஒன்று விண்வெளி, ஒன்று சினிமா நட்சத்திரங்களின் விவாகரத்து, ஒன்று இன்டர்நெட். கேஸ் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்களும், வக்கீல் குமாஸ்தாக்களும், எதிரே ஸ்டாண்டில் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர்களும்தான் வாசகர்கள். விவாகரத்து வரிக்குத்தான் மவுசு. அமெரிக்கப் பாடகி ஒருவரின் கல்யாணம் ஐம்பத்தைந்து மணி நேரத்தில் ரத்தானது என்று எழுதிய அன்று, தன் தம்பி கல்யாணத்தில் பந்தல் பிரிக்கவே அதைவிட அதிக நேரம் ஆனது என்று ஜெகன் என்ற ஆட்டோ டிரைவர் சொல்லப்போக, ஸ்டாண்டே சிரித்தது.

2007 பிறந்ததும், போன வருடம் உலகம் முழுக்க எதை அதிகம் தேடினார்கள் என்ற பட்டியலை அக்கா பலகையில் எழுதினார். அதைப் பார்த்த ஒரு குமாஸ்தா, நம்ம திருவள்ளூர்க்காரன் இன்னா தேடறான்னு எழுதும்மா என்றார். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அன்றைக்குத் தேடியதையெல்லாம் தானே எழுதி வைத்துக்கொள்கிறதே. சாயந்தரம் எட்டையும் பார்த்து எண்ணினால் போதும். அடுத்த நாளிலிருந்து மூன்றாவது வரி இப்படி வந்தது: ‘நேற்று நம் சென்டரில் தேடியவை: கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலை 31, பரீட்சை ரிசல்ட் 22, பாஸ்போர்ட் 9.’

அந்த முப்பத்தொன்றில் நான்கைந்து என்னுடையது. பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்மைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே ஒரு தெம்பு. அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை முழுக்கக் கரண்ட் இல்லை. பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அன்று தேடியவர்கள் கொஞ்சம் பேர். மறுநாள் எழுதும்போது வரி பாதியிலேயே முடிந்துவிட்டது. இடம் காலியாக இருக்கிறதே என்று அக்கா கடைசியில் இருந்ததையும் சேர்த்தார்: ‘விவாகரத்து மனு போடுவது எப்படி 1.’

வியாழக்கிழமை காலை ஆட்டோ ஸ்டாண்டில் அதுதான் பேச்சு. யார் அந்த ஒன்று என்று முதலில் கிண்டல் செய்ததே ஜெகன்தான். டீக்கடை முனுசாமி அப்போது ஒரு வார்த்தை சொன்னார். நேற்று கரண்ட் வந்த பிறகு மாடிக்குப் போன பெண் ஒருத்திதான், அது உன் வீட்டுக்காரி பூமிகா என்றார். தேடியது ஒரு ஆணாக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

தேடியது பூமிகாதான். அவர் பிளஸ் டூ படித்தவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, வரும் திங்கட்கிழமை மார்க் ஷீட்டோடு போய்ச் சேர வேண்டியிருந்தது. வேலைக்குப் போவதில் ஜெகனுக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே சேர்ந்து, சொந்தக் காலில் நின்ற பிறகு மனு போட வேண்டும் என்று பூமிகா மனதுக்குள் வைத்திருந்ததுதான் அவருக்குத் தெரியாது. ஜெகன் குடித்துவிட்டுக் கை நீட்டுவது தெருவுக்கே தெரியும். முனுசாமி சொன்னதைக் கேட்ட ஜெகன் நேராக வீட்டுக்குப் போனார். தான் தேடவே இல்லை என்று பூமிகா சாதித்தார். ஜெகன் பீரோவிலிருந்த மார்க் ஷீட்டை எடுத்து ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தேடியது நீதான் என்று தெரிந்தால் இதைக் கொளுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இதெல்லாம் பூமிகாவே பிற்பாடு என்னிடம் சொன்னது. பெயரோடு எழுதிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான்.

அன்று நான் பயோடேட்டா பிரின்ட் எடுக்கப் போயிருந்தேன். ஜெகன் கீழே நின்று கூப்பிட்டார். அக்கா இறங்கிப் போனார். நானும் பின்னால் போய்ப் படியில் நின்றேன்.

“இன்னாக்கா இது, ஒண்ணுன்னு போட்டுக்கீற? யாரு அது?”

“வர்றவங்க பேர நான் கேக்கறது இல்ல ஜெகன்.”

“நீ கேக்க வேணாம். நேத்து கரண்டு வந்தப்பறம் மேல போன ஒரே பொம்பள என் பொண்டாட்டி. ஊடு வரைக்கும் போய் கேட்டுட்டு வரேன், வாயத் தொறக்க மாட்றா.”

அக்கா பலகையைப் பார்த்தார். தான் எழுதிய அந்த ஒன்றை அப்போதுதான் முதன்முறையாகப் படிப்பது போல் இருந்தது அவர் பார்வை.

“ஒரே பொம்பளையா? அப்ப நான் யாரு? நேத்து காலையிலேர்ந்து மேலதானே உக்காந்துகினு இருந்தேன்.”

ஆட்டோக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஜெகன் சிரிக்கவில்லை.

“நீ போர்டுக்காக நடிகைங்க சமாச்சாரம் தேடுவ. மனு எப்டி போடறதுன்னு எதுக்குத் தேடப் போற?”

ஜெராக்ஸ் மெஷினின் சத்தம் நின்றிருந்தது. நியாஸ் அண்ணன் கையில் யாருடைய பத்திரமோ இருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எனக்காகத்தான் தேடுனேன்.”

 டீக்கடை முனுசாமிதான் மெல்ல ஆரம்பித்தார். “உங்களுக்கெல்லாம் ஜமாத்துதானே பாயம்மா? கோர்ட்டு எதுக்கு?”

“நாங்களும் கோர்ட்டுக்குப் போலாம். கடையில ஜெராக்ஸ் போடற மனு எல்லாம் யாருதுன்னு நெனச்சீங்க?”

ஜெகன் தரையைப் பார்த்துக்கொண்டு, தப்பா நெனச்சுக்காதக்கா என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போனார். அக்கா துப்பட்டா நுனியால் மூன்றாவது வரியை அழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டாவதையும் அழித்தார். அன்று நியாஸ் அண்ணன் எடுத்த நகல்களில் பாதி கோணலாக வந்தன. யாரும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு வாய் இருந்தும் நான் ஒன்றும் பேசாமல் படியிலேயே நின்றிருந்தது இன்னும் உறுத்துகிறது.

மார்க் ஷீட் அன்று சாயந்தரமே பீரோவுக்குத் திரும்பியது. திங்கட்கிழமை பூமிகா வேலையில் சேர்ந்தார்.

அக்காவின் வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. ஜமாத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் கடைக்கு வந்து நியாஸ் அண்ணனை விசாரித்தார்கள். ஏதோ வியாபாரப் பேச்சு என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அவரே மாடிக்கு வந்தார். சாதாரணமாக அவர் மேலே வருவதே இல்லை. என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அக்கா வெகு நாள் கழித்து என்னிடம் சொன்னார்.

“நெசமாவே தேடுனியா?”

“இல்லைங்க.”

“அப்ப யாரு?”

“ஊருக்கே ஒரு தடவ எழுதிக் காட்டிட்டேன். இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். உங்களுக்குக்கூட.”

அவர், மெஷினுக்கு டோனர் தீர்ந்துபோச்சு, ஆர்டர் போடணும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாராம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அதற்கப்புறம் நியாஸ் அண்ணன் எப்போது மாடிக்கு வந்தாலும் படியிலேயே இருமிக்கொண்டு வருகிறாராம். தான் வருவது தெரியட்டும், திரையில் என்ன இருந்தாலும் மூடிக்கொள்ளட்டும் என்பது போல. “நம்பிட்டாரா, நம்பலையான்னு எனக்கு இன்னும் தெரியல தம்பி. கேக்கவும் தைரியம் இல்ல.”

அந்த ஏப்ரலில் எனக்கும் கும்மிடிப்பூண்டியில், அதே கம்பெனியின் லேபில் வேலை கிடைத்தது. கேன்டீனில் பூமிகாவைச் சந்தித்தேன். பலகையில் எழுதிய ஆள் மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது என்றார். “எழுதனப்போ வந்துச்சு. அப்பறம் அந்தக்கா தன் தலையில போட்டுக்கினாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப நன்றியும் சொல்ல முடியல, திட்டவும் முடியல.” அவர் அந்த மாடிக்குத் திரும்பப் போகவே இல்லை.

பலகையில் அதன் பிறகு ஒரே வரிதான். அதே வருடம் ரம்ஜான் கடைசியில் மலேசியாக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போனார். அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு தடவை சூரியன் உதிக்கும் என்று அக்கா எழுதியிருந்தார். நியாஸ் அண்ணனை விசாரிக்க வந்த அதே பெரியவர்களில் ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, அப்படியானால் தொழுகை எப்படி என்று கேட்டாராம். எந்த ஊரிலிருந்து கிளம்பினாரோ அந்த ஊர் நேரத்தைப் பார்த்துத் தொழலாம் என்று மலேசியாவில் ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்று அக்கா தேடிச் சொன்னார். பெரியவர் உட்கார்ந்து அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். கிளம்புமுன், எனக்காகத் தேடினதையும் அழிச்சிடும்மா என்றாராம்.

இப்போது 2009 முடியப்போகிறது. பூமிகா கும்மிடிப்பூண்டியில் ஹாஸ்டலில் இருக்கிறார். அவருடைய மனு அதே திருவள்ளூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வரும் நாட்களில் ஜெராக்ஸ் எடுக்க வேறு கடைக்குப் போகிறார். வீடுகளுக்கே இன்டர்நெட் வந்துவிட்டதால் ஸ்டார் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர் மூன்றாகிவிட்டது. பரீதா அக்கா இப்போது பெரும்பாலும் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறார். ஒருவர் எழுந்ததும், அவர் கண் முன்னாலேயே அவர் தேடியதையெல்லாம் அழித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவரை உட்காரச் சொல்கிறார்.