திருப்பி வைத்த அட்டை

அமராவதி செய்த தப்பு சின்னதுதான். செய்தபோது அதைத் தப்பென்றே அவள் நினைக்கவில்லை.

சர்ச்சில் புது வருஷ ஆராதனையில், பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைத் தட்டு பெஞ்சு பெஞ்சாக வரும். பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுத்தது. வராதவர்களுக்கு வீட்டு ஆட்கள் எடுக்கலாம். அமராவதியின் புருஷன் செம்பியன் எந்த வருஷம் வந்தான்? செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனி கேட்டில் பதினாறு வருஷமாக நைட் வாட்ச்மேன். அவனுக்கும் சேர்த்து அவள்தான் எடுப்பாள்.

இந்த வருஷம் அவன் பேரைச் சொல்லி எடுத்த அட்டையில், ஆழத்திலிருந்து ஒருவன் ஆண்டவரைக் கூப்பிடுவதாக ஒரே ஒரு வரி இருந்தது. வாக்குத்தத்தமா அது? புலம்பல். அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் சேர்த்திருக்க வேண்டும். கடலூர் முதுநகரில் பிறந்து சுனாமியைக் கண்ணால் பார்த்தவளுக்கு ஆழம் என்ற சொல்லே ஆகாது. தட்டு நகர்வதற்குள் அதைத் திருப்பிச் சொருகிவிட்டு வேறொன்றை எடுத்தாள். தீங்கு அண்டாது, வாதை வீட்டை நெருங்காது என்று வந்தது. நல்ல கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கியவளுடைய திருப்தியோடு வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

ஆகஸ்டில் ஒருநாள், ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, செம்பியன் கேட்டருகே விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுவான், நினைக்காவிட்டால் இல்லை. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினெட்டு நாளாயிற்று. மூச்சை மிஷின் விட்டுக்கொண்டிருந்தது. கண் திறக்கவே இல்லை.

வேத தியானம் அமராவதிக்குப் புதிதல்ல. அங்கன்வாடிக்குச் சமைக்கப் போகுமுன் தினமும் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்காருவாள். உலை கொதிக்கும்வரை அதிலிருந்து ஒரு சொல்லை மட்டும் அசைபோடுவாள். அவசரமே இருக்காது. சில நாள் ஒன்றும் கிடைக்காது. சில நாள் அந்தச் சொல் மத்தியானம்வரை வாயில் இனித்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பதினெட்டு நாளில் அதெல்லாம் போய்விட்டது. ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சிதம்பரம் பஸ்ஸில் ஏறியது முதல் இறங்கும்வரை வாய்ப்பாடுபோல் ஒப்பித்தாள். தீங்கு அண்டாது, தீங்கு அண்டாது. செம்மங்குப்பம் வந்தால் எல்லாரும் நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்துவார்கள். அவள் அவனுடைய கேட்டைப் பார்க்கப் பயந்து கண்ணைச் சாத்துவாள். ஆண்டவரைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற ஜெபம் அது. பதில்தான் வரவில்லை.

பதினெட்டாம் நாள் டாக்டர் சொல்லிவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் பாப்பம்மா. அப்பறம் மிஷின எடுக்கலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அப்போதுதான் அவளுக்கு அந்த முதல் அட்டை ஞாபகம் வந்தது. அவனுக்கென்று ஆண்டவர் கொடுத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு, இன்னொருவர் பங்கை அல்லவா எடுத்து வந்திருக்கிறாள்! பிறகு அந்த வசனம் எப்படிப் பலிக்கும்?

மறுநாள் காலை போதகர் வீட்டில் போய் நின்றாள். அவர் ஊரில் இல்லை. அவர் மனைவி ரேகாதான் மிச்ச அட்டைகள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமராவதி தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இரண்டு தரம் தேடியும் அது இல்லை.

"யாரோ எடுத்துக்கினு போயிட்டாங்க பாஸ்டரம்மா. ஆழத்துலேருந்து கூப்புடறேன்னு போட்டிருந்துச்சே, அவுரு அட்ட அது. நாந்தான் திருப்பி வெச்சேன். நாந்தான் அவுர சாவடிச்சேன்."

ரேகா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சற்றுக் கோபமாகவே கேட்டாள். "அட்டையில இருந்தது ஒரு வரி. அது பைபிள்ல எந்த சங்கீதம்னாச்சும் எடுத்துப் பாத்தியா நீ?"

"பயந்துகினு பாக்கல."

"நூத்தி முப்பது. எட்டே வசனம். போய் முழுசா படி."

சிதம்பரத்தில் நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். வராந்தாவில் உட்கார்ந்து பைபிளைப் பிரித்தாள். ஆழம் என்ற சொல் முதலிலேயே நின்றது. இந்தத் தரம் அவள் தாண்டி ஓடவில்லை. ஓட இடமும் இல்லை, ஆழத்தில்தானே உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சொல்லிலேயே நெடுநேரம் இருந்தாள். அடுத்தது, நீர் எங்கள் தப்பையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டிருந்தால் எவன் நிற்பான் என்று போயிற்று. அவள் அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அட்டையை மாற்றிய தப்புக்கும் அதில் இடம் இருந்தது.

அதற்கும் கீழேதான் அது இருந்தது. எப்போது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரனைவிட அதிகமாக என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று.

ஜாமக்காரன் என்றால் வேறு யார்? வாட்ச்மேன்தான். அவளுடைய வாட்ச்மேன்.

கல்யாணமான புதிதில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "ராத்திரி முழுக்கக்கூட போயிடும் அமரா. விடியறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி அர மணி இருக்குது பாரு, அதான் ஜாஸ்தி கஷ்டம். நகரவே நகராது." அந்த அரை மணியில்தான் விழுந்திருக்கிறான். அவன் பதினாறு வருஷம் செய்த வேலையை ஆண்டவர் எழுதி வைத்து, அவன் பேருக்கே கொடுத்தும் இருக்கிறார். அவள் பார்த்ததெல்லாம் முதல் வரி.

நாலு மணிக்கு உள்ளே போனாள். மிஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு நாளும் அவன் காதில் "எழுந்திரு, எழுந்திரு" என்றுதான் கெஞ்சியிருந்தாள். இன்று கெஞ்ச வரவில்லை. அந்த வசனத்தை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நேரமாயிற்று என்று நர்ஸ் வந்து நின்றாள். மற்ற நாளென்றால் அமராவதி ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். இன்று மகள் இளமதிக்குப் போன் போட்டு, அத்தை வீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

பிறகு குனிந்து அவன் காதோடு சொன்னாள்: "உங்க டூட்டி முடியப்போவுதுங்க. இன்னும் அர மணிதான். நான் எங்கயும் போவல, கேட்டாண்டதான் நிக்கறேன்."