அடித்தவன் வெளியே போகட்டும்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. கற்றுக்கொள்கிறவள் பதறிப்போய் எதன் மேலாவது விடப்போனால், இவள் தன் பக்கத்தில் அழுத்தி வண்டியை நிறுத்துவாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். "கண்ணை எங்கம்மா வச்சிருக்கே? பீரோவுல பூட்டிட்டு வந்துட்டியா?" என்பாள். பிரேக்கக்கா என்று அவளுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். அவளைவிட மூத்தவர்களும் அக்கா போட்டே கூப்பிட்டார்கள்.

ரோட்டில் இந்தப் போடு போடுகிறவள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வாள். வீட்டில் புருஷன் இருந்தான். சோபாவும் கட்டிலும் விற்கிற கடையில் வேலை. மெத்தையைத் தட்டித் தட்டிக் காட்டி, தேன் ஒழுகப் பேசி, வேடிக்கை பார்க்க வந்தவர் தலையிலும் ஒரு கட்டிலைக் கட்டி அனுப்பிவிடுவான். தெருவில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தின் கை எவ்வளவு கனம் என்று வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். துணி மூடுகிற இடமாகப் பார்த்து அடிப்பான். இவ்வளவு கணக்காக இடம் பார்த்து அடிக்கிறவன் கோபத்தில் தன்னை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதை எந்த மடையன் நம்புவான்?

அவன் குரல் உயர்ந்ததும் நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். மாமியார் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவுவாள். எல்லாம் முடிந்தபின், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்று ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் அந்தத் தம்ளரைச் சுவரில் எறிய வேண்டும் என்று பிரேக்கக்காவுக்குத் தோன்றும். ஆனால் எறிந்ததில்லை.

அவள் வேலை என்றால் அவனுக்குக் கேலி. பயிற்சிக் காருக்குப் பொம்மைக் கார் என்று பெயர் வைத்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் ஒரு வக்கீலம்மா கார் கற்றுக்கொள்ள வந்தாள். தடித்த கண்ணாடி, ஒல்லி உடம்பு. கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள்வி கேட்பாளாம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கை உதறும். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடுகிற பழக்கம் வேறு.

"பஸ்ஸு உங்களைப் பார்த்து பயப்படணும் வக்கீலம்மா, நீங்க பஸ்ஸைப் பார்த்து பயப்படக் கூடாது."

"அது என்னைவிடப் பெருசுக்கா."

"கோர்ட்ல நீதிபதி உங்களைவிட உசரத்துலதானே உட்கார்ந்திருக்காரு? அங்க கண்ணை மூடிக்கிறீங்களா?"

ஒருநாள் காலை ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தார். வக்கீலம்மா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். பிரேக்கக்காவின் கால் பிரேக்குக்குப் போனது, ஆனால் அழுந்தவில்லை. முந்தின நாள் புருஷன் மிதித்ததில் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்து அழுத்தித்தான் வண்டியை நிறுத்தினாள். சைக்கிள்காரரின் சட்டைக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். அவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். பிரேக்கக்கா திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீலம்மாவுக்கு அதுதான் விபத்தைவிடப் பெரிய அதிர்ச்சி.

"கால்ல என்னக்கா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டாள்.

"அடி."

"எங்க விழுந்தீங்க?"

பயிற்சிக் காருக்குள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது. இரண்டு பேர் கண்ணும் ரோட்டில்தான் இருக்க வேண்டும், அது பிரேக்கக்கா போட்ட சட்டம். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் படியில் விழுந்தேன் என்று சொல்லியிருப்பாள். இத்தனை வருஷமாக அவள் விழாத படி கிடையாது. அன்று முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "விழல. வீட்டுக்காரர் மிதிச்சாரு" என்றாள்.

வக்கீலம்மா நடு ரோட்டில் சடக்கென்று வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டது.

"நடு ரோட்ல நிறுத்தாதேடி! இண்டிகேட்டரைப் போடு! ஓரம் கட்டு!"

ஓரம் கட்டினாள். கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காக ஓரம் கட்டியது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் ஒன்று உண்டு, தான் வேலை செய்வதே அங்கேதான் என்றாள். "பீஸ் கிடையாதுக்கா. வக்கீல் நான் இருக்கேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் காலைக் காட்டுங்க, எப்படி அடிபட்டதுன்னு உள்ளபடி சொல்லுங்க, எழுதிப்பாங்க. அப்புறம் இந்த மாதிரி வழக்குக்குன்னே அரசாங்கம் வச்சிருக்கிற பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கலாம். தங்கறதுக்குப் பெண்கள் விடுதி இருக்கு, பாப்பாவையும் கூட்டிட்டு..."

"நான் ஏன் போகணும்?"

வக்கீலம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அடிச்சது அவரு. மூட்டையைக் கட்டிட்டுப் போறது நானும் என் பொண்ணுமா? என்ன நியாயம் இது?"

"போக வேண்டாம்க்கா. அவரை வெளிய போகச் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம்."

பிரேக்கக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வீடு என் மாமியார் பேர்ல இருக்கு."

"பேரு யாருதா வேணா இருக்கட்டும். நீங்க குடும்பம் நடத்தின வீடு அது. உங்களை அதுலேருந்து தள்ள முடியாது."

இப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொந்த அண்ணன்கூட, "குடும்பம்னா நாலும் இருக்கும்" என்று சொல்லி போனை வைத்தவன்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது படியில் விழுந்த அந்தப் பழைய பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னாள். பாதுகாப்பு அதிகாரி நரைத்த தலையும் நிதானமான பேச்சுமாக ஒரு அம்மாள். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். வக்கீலம்மா கோர்ட்டில் மனுப் போட்ட சில நாளில் இடைக்கால ஆணை வந்தது. அவன் அவளை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, வேலை செய்கிற இடத்துக்கோ மகளின் பள்ளிக்கூடத்துக்கோ வரக் கூடாது. மீறினால் கைது. வீட்டில் யார் இருப்பது என்பதை மட்டும் முழு விசாரணைக்குப் பின் சொல்வதாக நீதிபதி தள்ளி வைத்தார்.

"அதுவரைக்கும் விடுதியில இரும்மா. வீம்புக்கு அந்த வீட்ல இருந்து உயிரை விட்டுடாதே" என்றாள் அதிகாரி அம்மாள். பிரேக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மகளோடு விடுதிக்குப் போனாள். கட்டில் பக்கத்துச் சுவரில் துணி மாட்ட ஆணி அடித்துத் தரட்டுமா என்று விடுதிக் காப்பாளர் கேட்டதற்கு, "வேண்டாங்க, நான் இங்க இருக்க வரல" என்று சொல்லிவிட்டாள்.

அவன் விடுவானா? ஓடிப்போனவள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தான். சொல்லி அலுத்தபின் ஒரு பிற்பகல், கடைக்குப் போகிற சலவைச் சட்டையும் சிரிப்புமாகப் பயிற்சிப் பள்ளி வாசலுக்கே வந்து நின்றான். அடுத்த மாணவிக்காகப் பிரேக்கக்கா காரின் பக்கத்தில் காத்திருந்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது.

"ஸ்கூல்ல போய் பாப்பாவைக் கூட்டிட்டு நேரா வீட்டுக்குப் போறோம். ஏறு" என்று சொல்லி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தான்.

"கோர்ட்ல என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"கோர்ட்டா வந்து உனக்குச் சோறு போடப் போகுது? நீ வந்தா வா. வரலைன்னா பிள்ளையை நான் மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

அவனைத் தனியாக மகளிடம் அனுப்ப அவளால் முடியாது. மறுபக்கம் போய், தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவன் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில்தான் போலீஸ் ஸ்டேஷன். அதன் வாசலுக்கு நேராக வண்டி வந்ததும் இரண்டு காலையும் ஊன்றி அழுத்தினாள். வண்டி நின்றது. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் அலறியதே தவிர ஒரு அடி நகரவில்லை. மறுபடி மிதித்தான்.

"என்னடி வண்டி இது?"

அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் விண்ணென்று வலித்தது. காலை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. எட்டிக் குனிந்து பார்த்த பிறகுதான் அவள் காலடியில் இருப்பது அவன் கண்ணில் பட்டது. பொம்மைக் காரைப் பற்றி ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"காலை எடு!"

"மாட்டேன்."

இடம் பார்த்து அடிக்கிறவன் அன்று இடம் பார்க்கவில்லை. பட்டப்பகலில், கூரைமேல் பள்ளியின் பெயர்ப்பலகை வைத்த காருக்குள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில், அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். வாசலில் நின்ற பெண் காவலர் ஓடி வந்தாள். உடனே அவன் முகத்தில் கடைச் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்ல மேடம், வண்டி மக்கர் பண்ணுது. குடும்ப விஷயம்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் பிரேக்கக்கா, ரோட்டில் மாணவிகளைத் திட்டுகிற அதே குரலில். தெருவே திரும்பிப் பார்த்தது. "இவர் நான் வேலை செய்யற இடத்துக்கே வரக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் இருக்கு. என்னை அடிச்சதை நீங்களே பார்த்தீங்க. இவரை இறக்குங்க, அப்பத்தான் நான் காலை எடுப்பேன்."

இறக்கினார்கள். ஆணையை மீறியதற்கு ஒரு வழக்குப் பதிவானது. உள்ளே வைத்தார்கள், பிறகு ஜாமீனில் விட்டார்கள்.

முழு விசாரணையில் அவன் வக்கீல் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார். "ஊரையே கத்தி அடக்குற பொம்பளை நீங்க. உங்களைப் போய் ஒருத்தர் அடிக்க முடியுமா?"

"ரோட்ல கத்துறது என் வேலைங்க. வீட்ல நான் ஒரு நாள்கூடக் கத்தினதில்ல. அங்கதான் கத்தியிருக்கணும்" என்றாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

மாமியாரும் சாட்சிக் கூண்டில் ஏறினாள். "என் பிள்ளை அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியில் எழுதியது இருந்தது, பெண் காவலரின் சாட்சியம் இருந்தது. அவன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், அவளும் மகளும் அங்கே இருக்கலாம், வழியில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்ப்பானது.

அவன் சாமான் எடுக்க வந்த அன்று அதிகாரி அம்மாளும் அதே பெண் காவலரும் கூட வந்தார்கள். பிரேக்கக்கா மகளின் தோளைப் பிடித்தபடி கூடத்தில் நின்றாள். அவன் இரண்டு பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அம்மா, கிளம்பு. இவளோட நீ ஒண்ணும் இருக்க வேணாம். தனியா வீடு பார்த்திருக்கேன்."

மாமியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"காது கேட்கலையா? கிளம்புன்னா கிளம்பணும்."

"நான் வரல."

"எனக்காகக் கோர்ட்ல வந்து பேசினியே, இப்ப என்ன?"

"பேசலைன்னா அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன செஞ்சிருப்பே?" மாமியார் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "இவ விடுதிக்குப் போன நாள்லேருந்து இந்த வீட்ல அடி யாருக்கு விழுதுன்னு இவங்க முன்னாடி சொல்லுடா. உங்கப்பன்கிட்ட வாங்கினது போதாதுன்னு உன்கிட்டயும் வாங்கிட்டேன். அந்த வீட்டுக்கு நான் வந்தா, அடிக்கறதுக்கு என்னை விட்டா வேற யாருடா மிச்சம்? இது என் வீடு. நீ போ."

பெண் காவலர் அவனை வாசலுக்கு வெளியே நடத்திக்கொண்டு போனாள். அதிகாரி அம்மாள் மாமியாரின் பக்கத்தில் குனிந்து, "பெத்த பிள்ளைமேலயும் எழுதிக் கொடுக்கலாம்மா. நாங்க வாங்கிக்கறோம்" என்றாள். மாமியார் அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரேக்கக்காவுக்கு அவள்மேல் இருந்த கோபம் துளியும் குறையவில்லை. பாத்திரம் கழுவின சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"கோர்ட்ல பொய் சொன்னதுக்கு நாம அப்புறம் பேசிக்கலாம் அத்தை. கண்டிப்பா பேசுவேன், விடமாட்டேன்" என்றாள். "இப்ப எழுந்திருங்க. உங்க வீடு, உங்க கையாலயே கதவைச் சாத்துங்க."